கடைசி அரை ரீல்

ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டீங்களா? பண்ணிக்கோங்க. அந்த மேஜை மேலயே வையுங்க சார், ஃபேன் சத்தம் கொஞ்சம் வரும், வந்தா வரட்டும். காபி நானேதான் போட்டேன். சர்க்கரை கூடக் குறைய இருந்தா மன்னிச்சுக்கோங்க, பதினோரு மாசமாத்தான் போட ஆரம்பிச்சிருக்கேன்.

கோயம்புத்தூர்லேர்ந்து இதுக்காகவே வந்திருக்கீங்க. திரைப்படச் சங்கம் நடத்தறீங்க, பழைய காமெடிப் படத்தோட நடையைப் பத்திக் கட்டுரை எழுதறீங்க. சரியான ஆளைத்தான் பிடிச்சீங்க. எனக்கு டைரக்டர் எவனையும் தெரியாது, நடிகர் யார்கூடயும் போட்டோ கிடையாது. ஆனா இருபத்தாறு வருஷம் டிவி சேனல்ல உக்காந்து இந்தப் படங்களை வெட்டினவன். படம் ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடும். விளம்பரத்தோட சேத்து ரெண்டரை மணியில முடிக்கணும்பாங்க. அப்ப படம் எவ்வளவு இருக்கலாம்? ரெண்டு மணிக்கும் கம்மி. எங்கே கை வச்சா படம் செத்துப்போகும், எங்கே வச்சா தெரியாதுன்னு ஆதிமூலத்தைக் கேட்டாச் சொல்வான்னு சேனல்ல பேரு.

எல்லாரும் காமெடின்னா வேகம்னு நினைக்கறாங்க. தப்பு சார். அந்தக் காலத்துப் படத்துல முதல் மூணு ரீல்ல தியேட்டர்ல ஒருத்தனும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டான். கண்டிப்பான அப்பா ஒருத்தர் வருவார். வேலை இல்லாத பையன், பூங்காவுல ஒரு பாட்டு. மெதுவா, மெதுவா போகும். இப்ப இருக்கற பசங்க ரிமோட்டைத் தூக்கிடுவாங்க. ஆனா நாலாவது ரீல்ல ஒரு பொய் வரும் பாருங்க. சின்னப் பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அதைக் காப்பாத்த இன்னொண்ணு. அதைக் காப்பாத்த மீசை ஒட்டிக்கிட்டு ஒரு வேஷம். இடைவேளைக்கு முன்னால நிஜமான ஆள் வாசல்ல வந்து நிப்பான். அதுக்கப்புறம் ஓட்டம்தான். கடைசியில எல்லாரும் ஒரு கல்யாண மண்டபத்துல வந்து குவிவாங்க. ஒட்டு மீசை கீழே விழும். அப்பா சிரிச்சிடுவார். எல்லாரும் வரிசையா நின்னு கும்பிடுவாங்க, வணக்கம்.

பன்னெண்டு ரீலுக்குப் பொய், அரை ரீல்ல மன்னிப்பு. அதான் கணக்கு. இதை எழுதிக்கோங்க. இந்தக் கணக்கை மனசுல வச்சுத்தான் நானும் செஞ்சேன். அதுல ஒரு குறையும் இல்ல. நடுவுல ரெண்டு நிமிஷம் பிசகிடுச்சு, அவ்வளவுதான்.

அந்தக் கதை உங்க கட்டுரைக்கு வேண்டாம்னா விட்டுடறேன். வேணுமா? சரி.

எனக்கு ஒரே பொண்ணு. மேகலா. ஜெரால்டுன்னு ஒரு பையனை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. நல்ல பையன், தாம்பரத்துல மெடிக்கல் ரெப். எனக்கு வருத்தம் இருந்துச்சு, ஒரு வாரம் இருந்துச்சு, போயிடுச்சு. என் சம்சாரம் கோகிலாவுக்குப் போகல. பையன் கிறிஸ்தவன்னுதான் அவளுக்குக் கோபம்னு சொந்தக்காரங்க சொல்லிக்கிட்டாங்க. அது இல்ல சார். கீழ்வீட்டுக்காரம்மா வந்து, உங்க பொண்ணுக்குக் கல்யாணமாமேன்னு கேட்டாங்க. இவ கையில மாவு கரைச்சுக்கிட்டு நிக்கறா. அந்த அம்மா மூலமாத்தான் இவளுக்கே தெரிஞ்சது. "கல்யாணம் பண்ணிக்கட்டும், எவனை வேணும்னாலும் பண்ணிக்கட்டும். என்கிட்ட மறைச்சுட்டா பாருங்க, அதான் எனக்கு ஆறல"ன்னா. அதோட பொண்ணு பேரையே எடுக்கல. அந்தப் பக்கம் மேகலா அதுக்கு மேல. "அம்மா கூப்பிடட்டும், வரேன்"னுட்டா. ரெண்டும் ஒரே மண்ணு.

நான் நடுவுல. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எனக்கு மதியத்தோட வேலை முடியும். வீட்ல ஓவர்டைம்னு சொல்லிட்டுத் தாம்பரம் போவேன். வெறுங்கையோட போக முடியுமா? மாம்பலத்துல ஒரு கடையில பூண்டு ஊறுகாய் வாங்கி, எங்க வீட்டுப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல மாத்தி, "அம்மா குடுத்தா"ன்னேன். சொல்லும்போதே அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கணுமே. வாசனை பிடிச்சுப் பாக்கறா, கண்ணுல தண்ணி. "அம்மா கை மாறவே இல்லப்பா"ன்னா. கடை ஊறுகாய் சார். அப்புறம் எப்படி நிறுத்தறது?

இந்தப் பக்கம் கோகிலாகிட்ட, "மேகலா ஆபீசுக்கு போன் பண்ணினா, அழுதா, அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்கறா"ன்னேன். கோகிலா ஒண்ணும் பேச மாட்டா. ஆனா அன்னிக்கு ரசத்துல உப்பு சரியா இருக்கும். புரியுதா? கேட்டுக்கிட்டான்னு அர்த்தம். அதனால மாசத்துக்கு ஒரு தடவை அழ வச்சேன். நிஜத்துல மேகலா ஒரு நாளும் அழல, மன்னிப்பும் கேக்கல.

ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒரு தடவை மாட்டல. ரெண்டு பேருக்கும் என் மேல நம்பிக்கை. நான் மீசை ஒட்டலையே தவிர எல்லா வேலையும் பண்ணினேன்.

இடையில மேகலா உண்டாயிட்டா. இதைக் கோகிலாகிட்ட சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. அப்ப சொன்னா என்ன ஆகும்? அஞ்சாவது ரீல்லயே படம் முடிஞ்சுடும். அவ கோபத்தோட போய் நிப்பா, இவ எதாவது சொல்லுவா, மொத்தமும் கெட்டுடும். நல்ல விஷயத்தைக் கடைசிக்குத்தான் வைக்கணும். அதனால சொல்லல. வளைகாப்புக்கு நானே ஒரு புடவை எடுத்துக்கிட்டுப் போய், அம்மா எடுத்தான்னு குடுத்தேன். கத்திரிப்பூ கலர். எனக்குப் புடவை எடுக்கத் தெரியாது சார், கடைக்காரன் காட்டினான், வாங்கிட்டேன். கோகிலாவுக்கு அந்தக் கலர் ஆகவே ஆகாது. அவங்கப்பா தவறின அன்னிக்கு அந்தக் கலர் புடவையில இருந்தாளாம், அதுலேர்ந்து கண்ணால பாக்க மாட்டா. மேகலாவுக்கும் அது தெரியும். ஆனா அந்தப் பொண்ணு என்ன நினைச்சுது தெரியுமா? "எனக்காக அம்மா இந்தக் கலரைக்கூடத் தொட்டிருக்கா"ன்னு நினைச்சுது. நான் ஆமான்னேன்.

பேத்தி பிறந்தா. அமலின்னு பேரு. ஆஸ்பத்திரியில மேகலா கேட்டது ஒண்ணுதான். "ஊறுகாய் குடுக்கறா, புடவை குடுக்கறா, இதுக்குக் கூட வர மாட்டாளாப்பா?" காலு வலின்னு சொன்னேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. குழந்தை பெத்த உடம்பு, அசதின்னு நினைச்சேன்.

வீட்டுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டுப் போனேன். என்னால அடக்க முடியல சார், என் பேத்தி பிறந்திருக்கா. ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பேத்தி பிறந்திருக்குன்னு கோகிலாகிட்ட குடுத்தேன். எனக்கே என்னை மெச்சிக்கணும் போல இருந்துச்சு. பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. அந்தக் காலத்து வசனகர்த்தா எழுதற மாதிரி. கோகிலா ஒரு விள்ளல் வாயில போட்டுக்கிட்டு, "நல்லா இருக்கட்டும்"னா.

அதுக்கு அஞ்சு மாசம் கழிச்சு எனக்கு அறுபது. சாலிகிராமத்துல ஒரு சின்ன மண்டபம் பாத்தேன். அறுபதாம் கல்யாணம். நீங்க பாத்திருப்பீங்க, புருஷன் பொண்டாட்டியை மணையில உக்கார வச்சுக் புள்ளைங்க கலச நீரை அவங்க தலையில ஊத்துவாங்க, அப்புறம் மறுபடி தாலி கட்டணும். கோகிலா வேண்டாம்னா. "ஊத்தறதுக்கு யார் இருக்கா நமக்கு?"ன்னா. முதல் தடவையா அன்னிக்குத்தான் அவ அப்படி ஒரு வார்த்தை சொன்னது. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஊத்தறதுக்கு ஆள் வருதுடி, இருன்னு.

திட்டம் என்னன்னா, மேகலாவும் ஜெரால்டும் குழந்தையோட மாடி ரூம்ல இருக்கணும். அம்மாவுக்கு நீங்க வரப்போறது தெரியும், ஆனா சொந்தக்காரங்க முன்னாடி காட்டிக்க மாட்டா, அதனால சரியா தண்ணி ஊத்தற நேரத்துல வாங்கன்னு சொல்லி வச்சேன். தண்ணி தலையில விழும்போது யாரா இருந்தாலும் கண்ணை மூடுவாங்க. தொறந்து பாத்தா எதிர்ல பொண்ணு. கையில காலிக் குடம். நாதஸ்வரக்காரர்கிட்ட சொல்லியிருந்தேன், அந்த நேரம் கெட்டிமேளம் வாசிக்கணும்னு. சத்தத்துல யாரும் பேச முடியாது. பேச முடியலேன்னா கட்டித்தான் பிடிக்கணும். அதுக்குள்ள ஜெரால்டு குழந்தையைக் கொண்டாந்து மடியில போடுவான். முடிஞ்சுது. அப்புறம் என்ன கேள்வி? அதுக்கு மேல யாராவது கணக்குக் கேப்பாங்களா? தாலி கட்டிட்டு சாப்பாடு.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு?

தண்ணி விழுந்துது. கோகிலா கண்ணைத் தொறந்தா. மேகலா நின்னா. சார், ஒரு நிமிஷம், நான் சத்தியமா சொல்றேன், ஒரு முழு நிமிஷம் எல்லாம் நான் நினைச்சபடி நடந்துது. கோகிலா எழுந்துட்டா. சொட்டச் சொட்ட எழுந்து ரெண்டு கையாலயும் பொண்ணு முகத்தைப் பிடிச்சுக்கிட்டா. நான் நாதஸ்வரக்காரரைத் திரும்பிப் பாக்கறேன், அந்த மனுஷன் வாயில வச்சு ஊதற சீவாளியை மாத்திக்கிட்டு இருக்கார். மண்டபம் மொத்தமும் அமைதி. அந்த அமைதியிலதான் மேகலா வாயைத் தொறந்தா. "நீ எடுத்த புடவைதாம்மா கட்டியிருக்கேன், பாரு"ன்னா.

ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம் அந்தப் பொண்ணு. அவசரப்பட்டுட்டா.

கோகிலா புடவையைப் பாத்தா. "இந்தக் கலரை நான் எடுப்பேனாடி?"ன்னா. "நீதானேம்மா குடுத்தனுப்பின, ஊறுகாய் குடுத்தனுப்புவியே, அதே மாதிரி." "நான் எப்ப ஊறுகாய் குடுத்தனுப்பினேன்?" அப்புறம் கோகிலா கேக்கறா, "நீ அழுது மன்னிப்புக் கேட்டியாமே, மாசா மாசம்?" இவ, "நானா?"ன்னா. அந்த நேரம் பாத்து ஜெரால்டு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறான், சொல்லி வச்ச மாதிரி. நான்தானே சொல்லி வச்சேன். கோகிலா, "இது யார் குழந்தை?"ன்னு கேட்டா. மேகலா முகம் வெளுத்துப் போச்சு. "தினம் அப்பாகிட்ட விசாரிப்பியாமேம்மா, என்ன இப்படிக் கேக்கற?"

அப்பத்தான் கோகிலா என் பக்கம் திரும்பினா. சத்தம் போடல சார். போட்டிருந்தா தேவலை. கழுத்துல மாலையோட, தலையில தண்ணியோட, ஒவ்வொண்ணா கேட்டா.

"எந்த ஆஸ்பத்திரி?" சொன்னேன். "என்னிக்கு?" சொன்னேன். "எத்தனை மணிக்கு?" காலையில பத்து இருபதுக்குன்னேன். "சுகப்பிரசவமா?" ஆபரேஷன்னேன். "பக்கத்துல யார் இருந்தா?" நானும் ஜெரால்டும்னேன். "பொம்பளைங்க யாரும் இல்லையா?" இல்லன்னேன். எல்லாத்துக்கும் சரியான பதில் சொன்னேன் சார். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒரு பொய் கலக்காம சொன்னேன். சொல்லச் சொல்ல அவ முகம் எங்கேயோ போயிக்கிட்டே இருக்கு.

"அன்னிக்குத்தானே மைசூர்பாகு கொண்டாந்தீங்க?"ன்னா.

ஆமான்னேன்.

"யாருக்கோ பேத்தின்னீங்களே. யாருக்கோன்னு நினைச்சுத்தானே நல்லா இருக்கட்டும்னு சொன்னேன்"னா. அப்படியே நாற்காலியில உக்காந்துட்டா. நூறு பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க. மேகலா ஒரு துண்டை எடுத்து அவ தலையைத் துவட்டினா. ஜெரால்டு குழந்தையை மடியில வச்சான். ஐயர் முகூர்த்தம் போகுது, போகுதுங்கறார். தாலி தட்டுலயே இருக்கு. நான் மணையில ஒத்தையா உக்காந்திருக்கேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு கோகிலா சொன்னதைச் சொல்றேன். எனக்கு இன்னி வரைக்கும் அது சரியாப் புரியல. "அவ அழறா, துடிக்கறான்னு சொன்னீங்க. அப்ப அவளே வருவான்னு உக்காந்திருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, தீபாவளிக்கே நான் போயிருப்பேன்"னா. மேகலா தலையைத் துவட்டிக்கிட்டே, "புடவை வரைக்கும் குடுக்கறவ, நான் பெத்தப்ப ஏன் வரலன்னுதாம்மா நானும் வீம்பா இருந்துட்டேன்"னா. ரெண்டு பேரும் என்னைப் பாக்கல. அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. கோகிலா ஈரப் புடவையோட ஜெரால்டு கார்ல ஏறித் தாம்பரம் போனவதான், இன்னும் திரும்பல. வந்தவங்க எல்லாம் சாப்பிட்டுட்டுப் போனாங்க. பாயசம் நல்லா இருந்துச்சுன்னு என் மச்சான் சொன்னான்.

இப்ப அங்கே சந்தோஷமா இருக்காங்கன்னு கேள்வி. குழந்தை நடக்குதாம். கோகிலா அந்தத் தெருவுல நாலு பேருக்கு ஊறுகாய் போட்டுக் குடுக்கறாளாம். அப்ப என் படம் ஓடிடுச்சா இல்லையா? சேந்துட்டாங்களா இல்லையா? யாரால? அதை யாராவது யோசிக்கறாங்களா? எனக்கு மட்டும் கடைசி போட்டோவுல இடம் இல்ல. அந்தப் படங்கள்ல பொய் சொன்னவனைத்தான் நடுவுல நிக்க வைப்பாங்க சார். நான் பாக்காத படமா?

என்ன? ஏதோ கேக்க வந்தீங்க, கேளுங்க.

…முழுப் பிரதி பாத்தீங்களா? உங்க சங்கத்துல போட்டீங்களா? எந்தப் படம், அந்த ரெட்டைச் சம்பந்தி படமா?

ஆமா. இருக்கும். மீசை விழுந்தப்புறம் ஒரு சீன், பொய் சொன்னவன் ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் நிப்பான். மாமனார், அந்தப் பொண்ணு, வீட்டு வேலைக்காரம்மாகிட்ட கூட. என்ன பொய் சொன்னேன், ஏன் சொன்னேன், உனக்கு அதனால என்ன ஆச்சுன்னு சொல்லிச் சொல்லி மன்னிப்புக் கேப்பான். பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது. அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்டு. உங்களுக்கு டிவியில பாத்த ஞாபகம் இல்லையா? எப்படி இருக்கும். நான்தானே எடுத்தேன். அந்தப் படத்துல மட்டும் இல்ல, முக்காவாசிப் படத்துல உண்டு. முதல் கத்திரி அதுக்குத்தான். இழுவை சார். மீசை விழுந்தாச்சு, ஜனங்க சிரிச்சாச்சு, அப்புறம் யார் உக்காந்து அதைப் பாப்பாங்க? நேரா அப்பா சிரிக்கறதுல ஒட்டிடுவேன். ஒட்டு தெரியாது. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு கடுதாசி போட்டுக் கேட்டதில்ல, நீங்கதான் முதல் ஆள்.

நான் கேட்டேனான்னா?

யார்கிட்ட?

…இல்ல சார். கேக்கல. எப்படிக் கேக்கறது? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? ஊறுகாய்லேர்ந்தா? போன் பண்ணினேன், எடுக்கல. மேகலாவும் எடுக்கல. நாலு தடவை பண்ணினேன், விட்டுட்டேன். தெருமுனை வரைக்கும் ஒரு தடவை போனேன். எனக்கு இந்த வீட்ல இருக்க முடியல சார். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மத்தியானம் ஆனா பயமா இருக்கு. அந்தக் குழந்தை என்னை மறந்திருக்கும்.

உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என் நம்பர்னாத்தான் எடுக்க மாட்டா. இல்ல, நீங்களே பேசுங்க. கூரியர்லேர்ந்து பேசறேன், வீட்ல இருக்கீங்களான்னு கேளுங்க. அவ இருக்கேன்னு சொன்னதும் என்கிட்ட குடுத்துடுங்க.

ஏன்? சரி, நீங்க சொல்ல வேண்டாம். நானே பேசிக்கறேன். நம்பர் மனப்பாடம்.

ரிங் போகுது.

ஹலோ… ஆங், கூரியர்லேர்ந்து பேசறேன்மா. ஒரு பார்சல் வந்திருக்கு… தாம்பரம்தான்மா… ஆமா… போட்டிருக்குங்க… சரிங்க. சரிங்கம்மா.

வச்சுட்டா.

தண்ணி வேண்டாம், இருக்கட்டும். கோகிலாதான் எடுத்தா சார், தாம்பரமான்னு கேட்டா. அப்புறம், "அனுப்பினது யாருன்னு பேர் போட்டிருக்கா?"ன்னா. நான் போட்டிருக்குன்னேன். "பேர் இருந்தா கொண்டாந்து வாசல்ல வையுங்க. பேர் இல்லாத பார்சல் எதுவும் இந்த வீட்ல இனிமே வாங்கறதில்ல"ன்னா. முப்பத்திரண்டு வருஷம் கேட்ட குரல், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் பேசியிருக்கா. பதினோரு மாசத்துக்கப்புறம் என்கிட்ட பேசிட்டா சார்.

உங்க பையில வெள்ளைப் பேப்பர் இருக்கா? பேனாவும் எடுங்க. உள்ள என்ன வைக்கறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம், குழந்தைக்கு ஒரு கவுன், ஏதோ ஒண்ணு. முதல்ல அனுப்புனர் எழுதிடலாம். ஆ. ஆதிமூலம், சாலிகிராமம்.

நீங்களே எழுதிடுங்க சார். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.